இருமும் குழந்தை ஏன் எடை கூடவில்லை? நாள்பட்ட நுரையீரல் நோயில் ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டறிய முழுமையான வழிகாட்டி

குழந்தைகள் நல ஓபியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “நெஞ்சுச் சளி உள்ள பிள்ளை, ஒல்லியாகத்தான் இருப்பான்.” பாட்டி சொல்வார், அப்பா சொல்வார், சில சமயம் எடை பார்ப்பவரே சொல்லிவிடுவார். சொன்னதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. யாரும் உயரம் அளப்பதில்லை, பழைய சீட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லை, வீட்டில் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்பதில்லை.

இந்தப் பேச்சை நாம் ஏற்கக் கூடாது. நுரையீரல் நோய் முழுதாகக் குணமாகாமல் போகலாம். ஆனால் அதனால் வரும் ஊட்டச்சத்துக் குறைவைப் பெரும்பாலும் தடுக்கலாம், வந்தாலும் சரிசெய்யலாம். நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். எடை மெஷின், உயரம் அளக்கும் பலகை, கைச் சுற்றளவு டேப், ஒரு நோட்டு, பத்து நிமிடப் பொறுமை இருந்தால் இதைச் செய்துவிடலாம்.

பெற்றோர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், டயட்டீஷியன் என எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். நாள்பட்ட நுரையீரல் நோய் என்று இங்கே சொல்வது பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தங்கிவிடும் நோய்), சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சளியும் கணையச் சாறும் கெட்டியாகிவிடும் பரம்பரை நோய்), குறைமாதத்தில் பிறந்து வென்டிலேட்டரிலும் ஆக்சிஜனிலும் பல வாரம் இருந்த குழந்தைகளுக்கு வரும் பிராங்கோபல்மனரி டிஸ்பிளேசியா (மருத்துவமனையில் பிபிடி என்பார்கள்), காசநோய் விட்டுச்சென்ற நுரையீரல் சேதம், அடிக்கடி ஸ்டீராய்டு தேவைப்படும் கடும் ஆஸ்துமா ஆகியவற்றை. மழைக்காலத்தில் மட்டும் வீசிங் வந்து, மற்ற நாளெல்லாம் ஓடியாடும் குழந்தைக்கு இவ்வளவு தேவையில்லை. வழக்கமான எடை, உயரப் பரிசோதனையே போதும்.

முதலில், ஏன் மெலிகிறார்கள்?

மூச்சு விடுவதே இவர்களுக்கு உழைப்பு. விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசையும் உதரவிதானமும் இரவு பகலாகக் கூடுதலாக வேலை செய்கின்றன. கிருமித்தொற்றும் காய்ச்சலும் வந்தால் செலவு இன்னும் ஏறும். செலவு கூடும் அதே நேரத்தில் வரவு குறைகிறது. மூச்சிரைக்கும் குழந்தையால் நாலு வாய்க்கு மேல் தொடர்ந்து மெல்ல முடியாது, சளியை விழுங்கி விழுங்கிப் பசி போய்விடும், சாப்பிட்டதும் இருமி வாந்தி எடுத்துவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள பெரும்பாலான குழந்தைகளுக்குக் கணையச் சாறு குடலுக்கு வந்து சேராததால், தின்ற கொழுப்பு அப்படியே மலத்தில் போய்விடுகிறது.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. உடம்பு மெலியும்போது மூச்சுத் தசைகளும் மெலிகின்றன, இருமல் வலுவிழக்கிறது, சளி தங்குகிறது, நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது, அடுத்த தொற்று சீக்கிரம் வருகிறது. குழந்தைப் பருவத்தின் முதல் சில ஆண்டுகளில் நுரையீரலில் புதிய காற்றறைகள் உருவாகிக்கொண்டே இருப்பதால், அந்த வயதில் ஊட்டம் குறைவது இரட்டை நட்டம்.

உணவுக்கு இதில் எவ்வளவு பங்கு உண்டு என்பதற்கு ஒரு பழைய ஒப்பீடு போதும். கனடாவின் டொராண்டோவிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் சிகிச்சை பெற்ற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளை ஒப்பிட்டு 1988-ல் ஓர் ஆய்வு வெளியானது. இரு இடத்திலும் நுரையீரலின் செயல்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் டொராண்டோவில் கொழுப்பைக் குறைக்காமல், கணையச் சாற்றுக்குப் பதிலாகத் தரும் என்சைம் மாத்திரையோடு தாராளமாகச் சாப்பிடச் சொன்னார்கள். பாஸ்டனில் அன்றைய வழக்கப்படி கொழுப்பைக் குறைத்தார்கள். டொராண்டோ பிள்ளைகள் உயரமாக வளர்ந்தார்கள். நோயாளிகளின் இடைநிலை ஆயுள் அங்கே 30 வயது, பாஸ்டனில் 21. அதன் பிறகுதான் அந்த நோய்க்கான உணவுமுறை உலகம் முழுக்கத் திருத்தி எழுதப்பட்டது.

படி 1: எப்போது பார்க்க வேண்டும் என்று தேதி குறியுங்கள்

ஒரு வயதுக்குள் என்றால் மாதம் ஒரு முறையாவது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் புதிதாகக் கண்டறியப்பட்ட கைக்குழந்தைக்கு எடை ஏறத் தொடங்கும்வரை ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒன்று முதல் ஐந்து வயது வரை மாதாமாதம் அங்கன்வாடியில் எடை பார்ப்பார்களே, அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஐந்துக்கு மேல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும்.

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமோனியாவோ நோய் முற்றலோ வந்து மருத்துவமனையில் சேர்த்து வீடு திரும்பினால், இரண்டு வாரம் கழித்துக் கட்டாயம் ஒரு முறை எடை பாருங்கள். இழந்த எடை திரும்பிவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும். அந்த எடை திரும்புவதற்குள் அடுத்த தொற்று வந்துவிடுவதுதான் இந்தக் குழந்தைகள் படிப்படியாகக் கரையும் வழி.

படி 2: நான்கு கேள்வி, ஐந்து மதிப்பெண்

நெதர்லாந்தில் உருவாகி 2010-ல் வெளிவந்த ‘ஸ்ட்ராங் கிட்ஸ்’ என்ற முறை எளிமையானது. மெஷின் வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகளுக்காக உருவாக்கியது என்றாலும், ஓபியிலும் இந்தக் கேள்விகள் உதவும்.

- பார்த்தாலே மெலிந்து தெரிகிறதா? கன்னம் ஒட்டியிருக்கிறதா, தோலுக்கடியில் கொழுப்போ தசையோ குறைந்திருக்கிறதா? ஆம் என்றால் 1.
- ஊட்டச்சத்துக் குறைவை வரவழைக்கக்கூடிய நோய் இருக்கிறதா, அல்லது பெரிய அறுவை சிகிச்சை வரப்போகிறதா? ஆம் என்றால் 2.
- கடந்த சில நாட்களாகச் சாப்பாடு குறைந்திருக்கிறதா, நாளைக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ வயிற்றுப்போக்கோ மூன்று முறைக்கு மேல் வாந்தியோ இருக்கிறதா, வலியால் சாப்பிட முடியவில்லையா, ஏற்கெனவே டயட்டீஷியன் சொன்ன சிறப்பு உணவு நடக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் 1.
- சில வாரங்களாக எடை குறைந்திருக்கிறதா? ஒரு வயதுக்குள் என்றால், எடை ஏறாமல் நிற்கிறதா? ஆம் என்றால் 1.

பூஜ்யம் என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 4 அல்லது 5 என்றால் அதிகம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸும் இரண்டு வயது வரையிலான பிபிடியும் இரண்டாம் கேள்வியின் பட்டியலிலேயே இருக்கின்றன. ஆகவே இந்தக் குழந்தைகள் வாசலில் நுழையும்போதே 2 மதிப்பெண்ணோடுதான் வருகிறார்கள். ‘ஆபத்து குறைவு’ என்று இவர்களை ஒருபோதும் எழுத முடியாது. பிராங்கியெக்டாசிஸ் குழந்தைக்கும் காசநோய்க்குப் பின் நுரையீரல் சேதமுள்ள குழந்தைக்கும் அதே 2 மதிப்பெண்ணைக் கொடுப்பதுதான் சரி என்பது என் கருத்து.

மதிப்பெண் போட்டதோடு நின்றுவிடக் கூடாது. யாரை முதலில் கவனிக்க வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். என்ன குறை, எவ்வளவு குறை என்பதற்கு அளந்துதான் ஆக வேண்டும்.

படி 3: எடை

ஒரே மெஷின், ஒரே நேரம், குறைந்த உடை. கைக்குழந்தையை டயப்பர் இல்லாமல் 10 கிராம் வரை காட்டும் மெஷினில் படுக்க வையுங்கள். பெரிய பிள்ளையை 100 கிராம் வரை காட்டும் மெஷினில் செருப்பில்லாமல் நிற்க வையுங்கள். ஏற்றுவதற்கு முன் மெஷின் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் குழந்தைக்கு, எடை பார்ப்பதற்காகக் குழாயைக் கழற்ற வேண்டாம். குழாயின் பாரம் மெஷினில் விழாமல் ஒருவர் கையில் பிடித்துக்கொண்டால் போதும். வயிறு முட்டப் பால் குடித்த உடனே பார்த்த எடையை, வெறும் வயிற்றில் பார்த்த போன மாத எடையோடு ஒப்பிடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு அந்த 100, 150 கிராம் வித்தியாசமே முடிவை மாற்றிவிடும்.

படி 4: நீளம் அல்லது உயரம்

அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். உயரம் இல்லாமல் எடையை மட்டும் வைத்து, குழந்தை மெலிந்திருக்கிறதா, குட்டையாகிவிட்டதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சமீபத்தில் சாப்பாடு குறைந்ததை மெலிவு காட்டும். பல மாதமாக, பல வருடமாக நடந்த குறையைக் குட்டை காட்டும். நாள்பட்ட நோயில் இரண்டாவது வகைதான் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். எடையும் உயரமும் சேர்ந்து குறைந்த பிள்ளை, பார்க்க அளவாக, அழகாகத்தான் இருப்பான். வயது கேட்டால்தான் தூக்கிவாரிப்போடும்.

இரண்டு வயதுக்குள் படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். படுத்த அளவு நின்ற அளவைவிட ஏறக்குறைய 0.7 செ.மீ. கூடுதலாக வரும். மூச்சிரைப்பால் நிற்க முடியாமல் மூன்று வயதுக் குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால், அந்த 0.7-ஐக் கழித்துவிட்டு எழுதுங்கள். குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை பலகையைத் தொட வேண்டும், பார்வை நேராக இருக்க வேண்டும். முதுகு வளைந்த குழந்தைக்கு உயரம் பொய் சொல்லும். அவர்களுக்கு முன்கை எலும்பின் நீளத்தை அளந்து உயரத்தைக் கணிக்கும் முறை உண்டு, டயட்டீஷியனிடம் கேட்டுச் செய்யுங்கள்.

குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயதைப் பயன்படுத்த வேண்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தை 12 வாரம் முந்தி வந்திருக்கிறது. அது பிறந்து ஆறு மாதம் ஆகியிருந்தால், வரைபடத்தில் மூன்று மாதத்தில்தான் புள்ளி வைக்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படித்தான். இதை மறந்தால், நன்றாக வளரும் பிபிடி குழந்தையையும் சிவப்பில் எழுதித் தாயைத் தேவையில்லாமல் அழவைத்துவிடுவோம்.

படி 5: கைச் சுற்றளவு

இந்த டேப்பின் விலை சொற்பம், இந்தக் குழந்தைகளுக்கு இதைப்போல் உதவும் கருவி வேறு குறைவு. எடையில் நீரும் வீக்கமும் கலந்துவிடும். மேல்கையில் இருப்பது பெரும்பாலும் தசையும் கொழுப்பும்தான்.

அளக்கும் விதம்: குழந்தை அம்மா மடியில் உட்காரட்டும். இடது கை. முழங்கையை மடக்கி, தோள்பட்டை எலும்பின் முனையிலிருந்து முழங்கை முனைவரை அளந்து, சரிபாதியில் பேனாவால் ஒரு கோடு. பிறகு கையை நீட்டித் தளர்வாகத் தொங்கவிட வேண்டும். இங்கேதான் நுரையீரல் நோயுள்ள குழந்தை வேறுபடும். மூச்சிரைக்கும்போது தோளைத் தூக்கித் தூக்கி இழுக்கும், அம்மாவின் சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கைத்தசை இறுகியிருக்கும்போது அளந்தால் கூடுதலாகக் காட்டும். விரலில் ஏதாவது விளையாட்டுக் காட்டி, பிடி தளர்ந்த பிறகு டேப்பைச் சுற்றுங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், தோல் பள்ளமாகக் கூடாது, டேப்புக்கும் தோலுக்கும் இடையே வெளிச்சமும் தெரியக் கூடாது. 0.1 செ.மீ. துல்லியமாக எழுதுங்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள், 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. 11.5 முதல் 12.5-க்குச் சற்றுக் கீழ் வரை என்றால் நடுத்தரக் குறைவு. ஐந்து வயதுக்கு மேல் இந்த எண்கள் பொருந்தாது. அந்தப் பிள்ளைகளுக்கு, போன முறை அளந்ததோடு ஒப்பிடுவதே பயன். உயரம் ஏறியும் கை சுருங்கினால் தசை கரைகிறது என்று அர்த்தம்.

படி 6: வரைபடத்தில் புள்ளி வைத்துக் கோட்டைப் படியுங்கள்

ஐந்து வயது வரை உலக சுகாதார அமைப்பின் 2006 வளர்ச்சி வரைபடம். ஐந்துக்கு மேல் 18 வரை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வரைபடம், அல்லது உலக சுகாதார அமைப்பின் 2007 வரைபடம். எதை எடுத்தாலும் பாதியில் மாற்றாதீர்கள்.

சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை இசட் ஸ்கோர் சொல்கிறது. உயரத்துக்கேற்ற எடை −2-க்குக் கீழ் என்றால் மெலிவு, −3-க்குக் கீழ் என்றால் கடும் மெலிவு. வயதுக்கேற்ற உயரம் −2-க்குக் கீழ் என்றால் குட்டை. ஐந்துக்கு மேல் எடைக்குப் பதில் பிஎம்ஐ, அதே −2, −3 கணக்கு.

ஆனால் நம் குழந்தைகளுக்கு இந்த எல்லைக்கோடுகளை மட்டும் நம்பினால் தாமதமாகிவிடும். ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். மூன்று வயதில் 14.3 கிலோ, சரியாகச் சராசரிக் கோட்டில். நான்கு வயதில் 14.1 கிலோ. நான்கு வயதுப் பையனுக்கு −2 கோடு 12.7 கிலோவில் இருக்கிறது. ஆக, தாய்சேய் அட்டையில் அவன் இன்னும் பச்சை நிறத்தில்தான். “நார்மல்” என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அந்த வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய 2 கிலோ ஏற வேண்டும். இவன் ஒரு வருடம் முழுக்க ஏறவே இல்லை, 200 கிராம் இறங்கியிருக்கிறான். சராசரியில் இருந்தவன் −1 கோட்டுக்குக் கீழே போய்விட்டான். ஒரு இசட் ஸ்கோர் அளவுக்குச் சரிந்தாலே அதை ஊட்டச்சத்துக் குறைவின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க உணவியல் அமைப்புகள் 2014-ல் தந்த வரையறை. இரண்டு சரிந்தால் நடுத்தரம், மூன்று சரிந்தால் கடுமை.

நிறத்தைப் பார்க்காமல் கோட்டின் திசையைப் பாருங்கள் என்று மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். கோடு படுத்துவிட்டால், குழந்தை எந்த நிறத்தில் இருந்தாலும் காரணம் தேட வேண்டும்.

கைக்குழந்தைக்கு ஒரு கைக்கணக்கு: முதல் மூன்று மாதம் நாளைக்கு 25 முதல் 30 கிராம், அடுத்த மூன்று மாதம் 15 முதல் 20 கிராம், அதன் பிறகு ஒரு வயது வரை ஏறக்குறைய 10 கிராம். எதிர்பார்த்ததில் முக்கால் பங்குகூட ஏறவில்லை என்றால் கவனம் தேவை, பாதிகூட இல்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு இலக்கே வேறு. இரண்டு வயதுக்குள் நீளத்துக்கேற்ற எடை 50-வது சதமானத்தை (வரைபடத்தின் நடுக்கோட்டை) எட்ட வேண்டும், அதன் பிறகு பிஎம்ஐ 50-வது சதமானத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் இந்த நோய் பெரும்பாலும் தாமதமாகவே தெரியவருவதால், பல பிள்ளைகள் இலக்குக்கு வெகு கீழே இருக்கும்போதுதான் வருகிறார்கள். அதற்காக இலக்கைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

படி 7: சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

நாள்பட்ட மூச்சிரைப்பில் நெஞ்சுக்கூடு முன்பின்னாக உப்பிவிடும். சட்டை போட்ட நிலையில் அந்தப் பிள்ளை நல்ல மார்போடு திடமாகத் தெரிவான். கழற்றிய பிறகு தோள்பட்டை எலும்பையும் மேல்கையையும் தொடையையும் பிட்டத்தையும் பாருங்கள். பிட்டத்தில் தோல் சுருங்கித் தொங்கினால் கொழுப்பு போய்விட்டது. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளையின் முகம் உப்பி, கன்னம் வைத்து, ‘தேறிவிட்டான்’ என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். கை கால் சூம்பியிருக்கும், உயரம் நின்றிருக்கும். முகத்தை நம்பாதீர்கள்.

இரண்டு பாதத்தின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. புரதக் குறைவாக இருக்கலாம், நுரையீரல் நோயால் இதயத்தின் வலது பக்கம் சோர்ந்திருக்கலாம். எதுவானாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். மெஷின் காட்டிய எடையையும் நம்ப முடியாது.

பதின்வயதை நெருங்கும் பிள்ளைகளிடம் பருவ மாற்றம் பற்றித் தயங்காமல் கேளுங்கள். 13 வயதாகியும் மார்பு வளர்ச்சி தொடங்காத பெண், 14 வயதாகியும் மாற்றம் தொடங்காத பையன் என்றால், ஊட்டச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

படி 8: சாப்பாட்டை விசாரியுங்கள்

எந்த மெஷினும் தராத விடை இங்கேதான் கிடைக்கும். “நல்லா சாப்பிடுறானா?” என்று கேட்டால் “சாப்பிடுறான்” என்றுதான் பதில் வரும். “நேற்று காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கம்மா” என்று ஆரம்பியுங்கள். எத்தனை இட்லி, முழுதாகச் சாப்பிட்டானா, மீதியை யார் சாப்பிட்டது, பால் எவ்வளவு, அதில் தண்ணீர் எவ்வளவு.

அப்புறம் இதைக் கேளுங்கள்: “சளிக்கு ஆகாதுன்னு எதையெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கீங்க?” பட்டியல் நீளும். வாழைப்பழம், தயிர், மோர், இளநீர், ஆரஞ்சு, கொய்யா, சில வீடுகளில் பாலும்கூட. ஜலதோஷம் பிடித்த குழந்தைக்கு மூன்று நாள் தயிர் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. பிராங்கியெக்டாசிஸ் குழந்தைக்கு இருமல் நிற்பதே இல்லை. அதனால் நிறுத்தியது நிறுத்தியதுதான், வருடக்கணக்காக. தயிரும் வாழைப்பழமும் இந்த நோயைக் கூட்டுவதில்லை. ஆனால் அதை அதட்டிச் சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டில் பழையபடியே நடக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுக்காத தயிரை மதியச் சோற்றில் பிசைந்து இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருமல் கூடவில்லை என்பதைத் தாயே பார்த்துக்கொள்வார். மாமியாரோடு வந்திருந்தால் அவரிடமும் சேர்த்துப் பேசுங்கள், சமையலறை முடிவு பல வீடுகளில் அவருடையது.

கஞ்சி பற்றியும் சொல்ல வேண்டும். இருமும் பிள்ளைக்குக் கஞ்சிதான் நல்லது என்று நீர்க்கக் கரைத்துக் கொடுக்கிறோம். வயிறு நிறைந்துவிடும், சக்தி கிடைக்காது. நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளி மூச்சையும் சிரமப்படுத்தும். இவர்களுக்குத் தேவை குறைந்த அளவில் அதிகச் சக்தி. ஒரு டீஸ்பூன் நெய்யிலோ எண்ணெயிலோ ஏறக்குறைய 45 கலோரி இருக்கிறது. அதே கஞ்சியைக் கெட்டியாக்கி, பருப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும் சேர்த்து, அளவைக் குறைத்து, நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரிக்கலாம். அங்கன்வாடிச் சத்துமாவையும் தண்ணீராகக் கரைக்காமல் கொழுக்கட்டையாகவோ நெய் விட்டு உருண்டையாகவோ பிடித்துக் கொடுக்கலாம். வேர்க்கடலை நல்ல உணவு. ஆனால் சின்னக் குழந்தைக்கு முழுதாகக் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் சிக்கிய கடலையே சில குழந்தைகளுக்கு நுரையீரல் நோய்க்குக் காரணமாகிறது. பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

இன்னும் கேட்க வேண்டியவை: ஒரு வேளை சாப்பாட்டுக்கு, அல்லது ஒரு முறை பால் குடிக்க, அரை மணிக்கு மேல் ஆகிறதா? நடுவில் வியர்க்கிறதா, உதடு நீலமாகிறதா? இருமி வாந்தி எடுப்பது நெஞ்சுத் தட்டு சிகிச்சைக்குப் பிறகா? அப்படியென்றால் தட்டுவதைச் சாப்பாட்டுக்கு முன் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். மலம் நிறைய, பிசுபிசுப்பாக, எண்ணெய் மிதக்க, கடும் நாற்றத்தோடு போகிறதா? குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதா, வெயிலில் நெற்றியில் உப்புப் பூக்கிறதா? கடைசி இரண்டுக்கும் ஆம் என்றால் வியர்வைப் பரிசோதனை தேவை. குளோரைடு 60 மில்லிமோலுக்கு மேல் வந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற திசையில் உறுதிப்படுத்துவார்கள். இந்த நோயுள்ள குழந்தைகள் வியர்வையில் உப்பை நிறைய இழப்பதால், நம் கோடையில் மருத்துவர் சொன்ன அளவில் கூடுதல் உப்பு கொடுக்க வேண்டும். உப்புக் குறைந்தால் பசியும் போகும், எடையும் நிற்கும்.

பள்ளிப் பிள்ளை என்றால் எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்றும் கேளுங்கள். இருமலால் வீட்டில் இருக்கும் நாளில் சத்துணவு முட்டையும் போகிறது, 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தரப்படும் காலை உணவும் போகிறது. வேலைக்குப் போகும் தாய் வைத்துவிட்டுப் போன சோறு, தனியாக இருக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் முழுதாகப் போகாது.

படி 9: ரத்தப் பரிசோதனை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அளக்காமல், கேட்காமல் ரத்தம் எடுப்பதில் பயனில்லை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது), வைட்டமின் டி பார்ப்பது நல்லது. கணையம் வேலை செய்யாத குழந்தைக்கு வைட்டமின் ஏ, ஈ அளவும், ரத்தம் உறையும் நேரமும். ஆக்சிஜன் குறைவாகவே ஓடும் உடம்பு கூடுதலாகச் சிவப்பணு உண்டாக்கும், ஆகவே ஹீமோகுளோபின் ‘சரியாக’ இருந்தும் உள்ளே இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் ஏறித் தெரியும். ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தை வைத்து ஊட்டச்சத்தை எடைபோடுவது பழைய பழக்கம். அழற்சி இருந்தாலே ஆல்புமின் இறங்கும்.

படி 10: முடிவு எடுங்கள்

கோடு ஏறுகிறது, கைச் சுற்றளவு குறையவில்லை, சாப்பாடு பரவாயில்லை என்றால் அடுத்த தேதியை எழுதிக்கொடுத்து அனுப்பலாம்.

கோடு படுத்துவிட்டது, அல்லது −1 முதல் −2-க்குள் நழுவியிருக்கிறது என்றால் அன்றே டயட்டீஷியனிடம் அனுப்புங்கள். உணவில் செய்யும் மாற்றத்தை எழுதிக்கொடுத்து, கைக்குழந்தையென்றால் ஒன்றிரண்டு வாரத்திலும், பெரிய பிள்ளையென்றால் ஒரு மாதத்திலும் திரும்ப வரச் சொல்லுங்கள். தேவை எவ்வளவு என்பதற்கு ஒரு மதிப்பீடு: பிபிடி கைக்குழந்தைக்கு நாளைக்குக் கிலோவுக்கு 120 முதல் 150 கலோரி வரை வேண்டியிருக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பிள்ளைக்கு அதே வயது ஆரோக்கியமான பிள்ளையைப் போல் 110 முதல் 200 சதவீதம் வரை.

−3-க்குக் கீழ், கைச் சுற்றளவு 11.5-க்குக் கீழ், இரு பாத வீக்கம், எதையும் சாப்பிட மறுப்பது: இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் உள்ள அரசு மருத்துவமனை என்றால் நல்லது. வீட்டிலேயே ‘தேற்றுகிறேன்’ என்று திடீரென நிறைய ஊட்டுவது ஆபத்து. நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் உணவு வேகமாக ஏறினால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சட்டென இறங்கி இதயத்தையும் மூச்சையும் பாதிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, கண்காணிப்போடுதான் ஏற்ற வேண்டும்.

நல்ல உணவு போயும் எடை ஏறவில்லை என்றால் தாயைக் குறை சொல்லாதீர்கள். வேறு காரணம் தேடுங்கள். மூன்று மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலோ, மூன்று மாதமாக ஏறவே இல்லை என்றாலோ காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். உறுதியானால் மருந்தோடு, நிக்ஷய் போஷன் திட்டத்தில் உணவுக்காக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் (2024 நவம்பருக்கு முன் அது 500). ஆக்சிஜன் அளவை விழித்திருக்கும்போது மட்டும் பார்க்காமல், தூக்கத்திலும் பால் குடிக்கும்போதும் பாருங்கள். பகலில் நன்றாக இருக்கும் பிபிடி குழந்தைக்கு இரவில் இறங்கிக்கொண்டிருக்கலாம், ஆக்சிஜன் சரியானால் எடை தானே நகரும். என்சைம் மாத்திரையைச் சாப்பாடு தொடங்கும்போதே கொடுக்கிறார்களா, எடைக்கேற்ப அளவு கூட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள். உணவு மேலே ஏறி வருவது, விழுங்கும்போது புரையேறுவது, பெரிய பிள்ளைகளிடம் சர்க்கரை நோய் ஆகியவற்றையும் விட்டுவிடக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்தும் கோடு நகரவில்லை என்றால் மூக்கு வழிக் குழாயில் இரவு உணவு, நீண்ட காலம் தேவைப்பட்டால் வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய் என்று மருத்துவர் பேசுவார். பல குடும்பங்கள் இதைக் கேட்டதும் கைவிட்டுவிட்டதாக நினைத்து ஊருக்குக் கிளம்பிவிடுகின்றன. அந்தப் பேச்சை இரண்டு மூன்று சந்திப்புகள் முன்பே, குழந்தை இன்னும் ஓரளவு தெம்பாக இருக்கும்போதே, அம்மா அப்பா இருவரையும் உட்கார வைத்துத் தொடங்குங்கள். பகலில் வாயால் வழக்கம்போல் சாப்பிடலாம், பள்ளிக்குப் போகலாம், எடை தேறி நிலைத்த பிறகு குழாயை எடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு என்று சொல்லுங்கள். ஏற்கெனவே குழாய் வைத்துத் தேறிய பிள்ளையின் பெற்றோர் சம்மதித்தால், அவர்களோடு பேச வையுங்கள்.